பென்குயினுக்கு முன் ஐஸ்: அந்தாட்டிக்காவை அறியப் புறப்படுவோருக்கு

திருகோணமலையில் ஐஸ் என்றால் மீன் நினைவுக்கு வரும். வள்ளம் கரை சேருவதற்கு முன்பே உமி மூடிய ஐஸ் கட்டிகள் அங்கே காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் பிந்தினால் சம்மாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாது. அப்படி ஐஸ் செய்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் 19 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தரம் எட்டில் படிப்பவள், ஒரு நாள் கொப்பியோடு வந்து நின்றாள். "மாமா, நீங்கள் ஐஸ்காரர்தானே? அந்தாட்டிக்காவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றாள்.

எனக்குத் தெரிந்தது பென்குயின் மட்டும்தான். அதைச் சொல்லி அனுப்பிவிட்டு வெட்கத்தில் படிக்கத் தொடங்கினேன். இப்போது ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் ஐந்தாறு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோர்தான் பிள்ளைகளைவிட அதிகம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்கும் வரிசைதான் பிழை. பென்குயினில் தொடங்கி, பனிச்சுவர் வதந்திக்குத் தாவி, டிக்கெட் விலையில் முடிப்பார்கள். ஐஸில் தொடங்கினால் பாதிக் கேள்விகளுக்கு அவர்களே விடை சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது.

தொடங்கும் முன் ஒரு சிறு குறிப்பு. நம் பாடப்புத்தகங்களில் அந்தாட்டிக்கா என்று இருக்கும். தமிழ்நாட்டு நூல்களில் அண்டார்டிகா, அண்டார்க்டிகா என்றெல்லாம் வரும். இணையத்தில் தேடும்போது எல்லா எழுத்துகளையும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் கிடைக்காதது மற்றொன்றில் கிடைக்கும்.

முதற்படி: உருண்டையைத் தலைகீழாகப் பிடியுங்கள்

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அந்தாட்டிக்கா அடியில் கிழிந்த வெள்ளைத் துணிபோல நீண்டு கிடக்கும். உருண்டையான உலகைத் தட்டையான தாளில் விரித்ததால் வந்த கோலம் அது. பள்ளிக்கூட உலக உருண்டையை எடுத்தால் அங்கேயும் சோதனை: தென்துருவம் இருக்கும் இடத்தில்தான் தாங்கியின் திருகாணி இருக்கும். ஒரு முழுக் கண்டத்தையும் அந்தத் தகர மூடி மறைத்துவிடும். நான் முதலில் செய்தது, கடன் வாங்கிய உருண்டையின் திருகாணியைக் கழற்றியதுதான். திருப்பிப் பூட்ட முடியாமல் புதிது வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் கழற்ற வேண்டாம். தலைகீழாகப் பிடித்தால் போதும்.

அப்படிப் பிடித்தால் ஏறத்தாழ வட்டமான ஒரு நிலமும், அதிலிருந்து தென்னமெரிக்காவை நோக்கி நீளும் ஒரு வாலும் தெரியும். பரப்பளவு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர். இலங்கையைப் போல இருநூறுக்கும் மேற்பட்ட தீவுகளை அதற்குள் அடுக்கலாம்.

அடுத்து, அது நமக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். கோணேசர் கோயில் பாறையில் நின்று கடலைக் காட்டி, "இங்கிருந்து நேரே போனால் தென்துருவம்தான்" என்று சொல்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நாம் இருப்பது கிழக்குக் கரை. அங்கிருந்து நேர் கிழக்கே போனால் நிக்கோபார் தீவுகள், அதற்கப்பால் தாய்லாந்து. தெற்கே போக வேண்டுமானால் தரைவழியாக இலங்கையின் பாதியைக் கடந்து அம்பாந்தோட்டைக் கரையில் இறங்க வேண்டும். நம்முடைய நெடுங்கோடு 81 பாகை கிழக்கு. அதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து தெற்கே விரலை நகர்த்துங்கள்: ஏறத்தாழ 8,000 கிலோமீட்டருக்கு ஒரு தீவுகூடத் தட்டுப்படாது. விரல் முட்டும் இடம் அந்தாட்டிக்காவின் இளவரசி எலிசபெத் நிலம். அதற்குச் சற்று மேற்கே, 76 பாகையில், இந்தியாவின் பாரதி நிலையம் இருக்கிறது. 2012 முதல் இயங்குகிறது. 78 பாகையில் அவுஸ்திரேலியாவின் டேவிஸ் நிலையம். அதன் இணையக் கமெராவைத் திறந்தால் கிட்டத்தட்ட நம் நெடுங்கோட்டின் மறுமுனையில் இன்று வெயிலா புயலா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

செய்மதிப் படம் வேண்டுமானால் நாசாவின் வேர்ல்ட்வியூ தளம் இலவசம். அதில் அந்தாட்டிக்கைத் தெரிவு செய்தால் துருவத்துக்கு நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் படம் வரும். ஜூன் மாதத்தில் திறந்து நடுவில் பெரிய கரிய வட்டத்தைக் கண்டால் தொலைபேசி பழுது என்று நினைக்காதீர்கள். அங்கே அப்போது இருட்டு.

இரண்டாம் படி: எந்த ஐஸ் என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் நிற்பேன். அந்தாட்டிக்காவைப் பற்றி "ஐஸ் உருகுகிறது" என்று எங்கே வாசித்தாலும், எந்த ஐஸ் என்று உடனே கேட்க வேண்டும். மூன்று வகை உண்டு. மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன.

நிலத்தின் மேல் கிடப்பது முதலாவது. ஆண்டாண்டாக விழுந்த பனி, மேலே விழுந்ததன் பாரத்தில் நசுங்கி நசுங்கிக் கட்டியாக இறுகியது. கண்டத்தில் ஏறத்தாழ 98 வீதத்தை அது மூடியிருக்கிறது. சராசரித் தடிப்பு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். சில இடங்களில் 4 கிலோமீட்டரைத் தாண்டும். ஐஸ் அசையாது என்று 19 ஆண்டுகள் ஐஸ் தூக்கிய நானே நம்பியிருந்தேன். இந்தப் பெரும் பாரத்தில் அது அசைகிறது: தட்டில் கொட்டிய உளுத்தங்களி ஓரத்தை நோக்கி மெல்லப் பரவுவதுபோல, நடுவிலிருந்து கடலை நோக்கி நகர்கிறது. தென்துருவத்தில்கூட ஐஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் நகர்வதால், துருவம் இதுதான் என்று காட்டும் கம்பத்தை ஒவ்வொரு புத்தாண்டிலும் பிடுங்கிச் சரியான இடத்தில் மறுபடி நடுகிறார்கள்.

இரண்டாவது, அப்படி நகர்ந்து வந்த நிலத்து ஐஸ் கரையைத் தாண்டிக் கடலின் மேல் மிதக்கும் பகுதி: பனித்தட்டு. அதன் ஓரம் உடைந்து போவதுதான் பனிப்பாறை. ஏ23ஏ என்று பெயரிட்ட ஒன்று 1986 இல் உடைந்தது. கடலடியில் தட்டி நின்று, 2020 அளவில்தான் மறுபடி நகரத் தொடங்கியது. அப்போதும் அது திருகோணமலை மாவட்டத்தைவிடப் பெரிது: நம் மாவட்டம் 2,727 சதுர கிலோமீட்டர், அது ஏறத்தாழ 3,900.

மூன்றாவது, கடல் நீரே உறைந்தது. கடல் நீர் 0 பாகையில் உறையாது, -1.8 பாகை செல்சியஸ் வரை இறங்க வேண்டும். இதை எங்கள் தொழிற்சாலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அங்கே நல்ல தண்ணீரைத் தகர அச்சுகளில் ஊற்றி, அந்த அச்சுகளைப் பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்குவோம். தொட்டித் தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை குளிர்ந்திருக்கும், ஆனால் உப்பு அதை உறையவிடாது. உள்ளேயிருக்கும் நல்ல தண்ணீர் ஒரு நாளில் கட்டியாகிவிடும். அந்தாட்டிக்காவைச் சுற்றியுள்ள கடலைப் பெரிய உப்புத்தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே குளிர் தொட்டியையும் உறைய வைக்கும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. செப்டெம்பரில் அந்தக் கடல் ஐஸ் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் சதுர கிலோமீட்டர் வரை விரியும். பெப்ரவரியில் இருபது முப்பது இலட்சமாகச் சுருங்கிவிடும். ஆண்டுதோறும் தன்னைச் சுற்றி இன்னொரு கண்டத்தை உண்டாக்கி அழித்துவிடும் இடம் உலகில் வேறில்லை.

இப்போது ஒரு சோதனை. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் கிளாஸ்களை எடுங்கள். ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளை மிதக்க விடுங்கள். மற்றதில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும் அளவுக்கு ஒரு கல்லை வைத்து, அந்தக் கல்லின் மேல் ஐஸை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். நம்மூர் வெயிலில் அரை மணி நேரம் போதும். மிதந்த ஐஸ் கரைந்த கிளாஸில் மட்டம் குறியிலேயே நிற்கும். கல்லின் மேலிருந்த ஐஸ் கரைந்த கிளாஸில் மட்டம் ஏறியிருக்கும். கடல் ஐஸ் உருகுவதால் கடல் உயராது, நிலத்து ஐஸ் உருகினால் உயரும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை இதைத்தான் செயற்றிட்டமாகச் செய்தாள். எங்கள் வீட்டுக் கிளாஸ் ஒன்று இன்னும் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

"எல்லாம் உருகினால் திருகோணமலை என்ன ஆகும்?"

சோதனை முடிந்த கையோடு இந்தக் கேள்வி வந்துவிடும். அந்தாட்டிக்காவின் நிலத்து ஐஸ் முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 58 மீட்டர் உயரும். பஸ் நிலையம், கடைத்தெரு, கோட்டை எல்லாம் நீருக்குள். கோணேசர் மட்டும் பாறை உச்சியில் தீவுக் கோயிலாக இருப்பார். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் இரவில் தூங்க வேண்டும். ஆனால் கரையோரத்தில் குடியிருப்பவருக்கு 58 மீட்டர் தேவையில்லை. ஒரு மீட்டரே வாடியைத் தூக்கிக்கொண்டு போகும்.

ஐஸ் எப்படி உருகுகிறது என்பதில் தொழிற்சாலைக்காரனுக்கு ஒரு சொல் சொல்ல உரிமை உண்டு. ஒரு முறை எங்கள் லொறி சீனன்குடாப் பக்கம் பழுதாகி நான்கு மணி நேரம் வெயிலில் நின்றது. முழுக் கட்டிகள் பெரும்பாலும் தப்பின. தூளாக்கி ஏற்றியிருந்த ஐஸ் தண்ணீராகிவிட்டது. ஐஸ் பெரிதாகவும் ஒன்றோடொன்று சேர்ந்தும் இருக்கும்வரை வெயில் அதை எளிதில் அசைக்காது. அதைத் தின்பது தண்ணீர். ரெஜிபோம் பெட்டியின் அடித்துளை அடைத்துக்கொண்டால் உருகிய நீர் கீழே தேங்கும். மேலே ஐஸ் அப்படியே இருக்க அடி கரைந்து மீன் சாய்ந்துவிடும். மேற்கு அந்தாட்டிக்காவில், நிலத்து ஐஸ் ஆறுபோல் கடலுக்கு நகரும் துவைட்ஸ் பனியாற்றில் நடப்பது ஏறத்தாழ அதுதான். மேலே காற்று இன்னும் குளிர்தான், ஆனால் ஓரளவு வெப்பமான ஆழ்கடல் நீர் அடியில் புகுந்து அரிக்கிறது. அந்த ஒரு பனியாறு முழுவதும் போனால் கடல் ஏறத்தாழ 65 சென்ரிமீட்டர் உயரும்.

மூன்றாம் படி: குளிர் எங்கிருந்து வருகிறது

"சூரியன் தூரம் என்பதால்" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். தூரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சனவரியில். அப்போதுதான் அந்தாட்டிக்காவில் கோடை. இன்னும் வியப்பானது: டிசெம்பர் பிற்பகுதியில் 24 மணி நேரமும் சூரியன் மறையாததால், ஒரு நாள் முழுவதையும் கூட்டினால் தென்துருவத்தின் மேல் வந்து விழும் வெயில் பூமத்தியரேகையின் மேல் விழுவதைவிட அதிகம். ஆனாலும் அங்கே கோடையிலும் -20 பாகைக்கு மேல் ஏறுவது அரிது. ஏன்?

வெள்ளைப் பனி, விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அது ஒன்று. இரண்டாவது உயரம். நுவரெலியா ஏன் குளிர்கிறது என்று கேளுங்கள், பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பிதுருதலாகலை 2,524 மீட்டர். தென்துருவ நிலையம் நிற்கும் ஐஸ் மேடை 2,835 மீட்டர். துருவத்தில் நிற்பவர் இலங்கையின் மிக உயர்ந்த மலையைவிட உயரத்தில் நிற்கிறார், அதுவும் சமதரை போன்ற வெளியில். நம் நெடுங்கோட்டின் அருகே, 77 பாகையில், டோம் ஏ என்ற ஐஸ் முகடு 4,000 மீட்டரைத் தாண்டுகிறது. உலகில் தரையில் அளந்த மிகக் கடுங்குளிர் 1983 ஜூலை 21 அன்று வொஸ்தொக் நிலையத்தில் பதிவான -89.2 பாகை செல்சியஸ். அந்த நிலையமும் 3,488 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது. மேட்டு நிலத்தில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் உருண்டு கரைக்கு வரும்போது சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். நமக்கும் மலைநாட்டைக் கடந்து இறங்கி வரும் கச்சான் காற்று இருக்கிறது. அது இறங்க இறங்கச் சூடாகி நம் உதட்டை வெடிக்க வைக்கும். அங்கே இறங்குவதும் இறங்கும்போது சற்றுச் சூடாகத்தான் செய்கிறது, ஆனால் புறப்பட்ட இடத்தின் குளிர் அவ்வளவு என்பதால் கரையில் நிற்பவருக்கு அந்தச் சூடு தெரியாது.

மழையைப் பற்றியும் கேட்பார்கள். அந்தாட்டிக்காவின் உட்பகுதி பாலைவனம். ஓராண்டில் அங்கே விழும் பனியை உருக்கினால் 50 மில்லிமீட்டர் நீர்கூட வராத இடங்கள் பல. கார்த்திகை மாரியில் நமக்கு ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும். விழுவது கொஞ்சம்தான், ஆனால் விழுந்தது எளிதில் உருகிப் போவதில்லை. அதனால்தான் அத்தனை ஐஸ்.

இனி பென்குயின்

வெள்ளைக் கரடியையும் பென்குயினையும் ஒரே படத்தில் கீறும் பிள்ளைக்குத் திட்டு விழக்கூடாது. வாழ்த்து அட்டைகளே அப்படித்தான் வருகின்றன. வடக்கில் இருப்பது நிலம் சூழ்ந்த கடல்: ஆட்டிக். தெற்கில் இருப்பது கடல் சூழ்ந்த நிலம். கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. இரண்டும் ஒன்றையொன்று கண்டதேயில்லை.

பென்குயின்களில் பலவகை இருந்தாலும் நான் சொல்வது பேரரசப் பென்குயினைப் பற்றித்தான். அது குளிர்கால இருட்டில் முட்டையிடும். பெண் கடலுக்குப் போய்விட, ஆண் பறவை முட்டையைக் காலின் மேல் வைத்து வயிற்றுத் தோலால் மூடிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு மேல் சாப்பிடாமல் நிற்கும். இதைச் சொன்னபோது விறாந்தையில் இருந்த ஒரு தாய் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டத்துக்கே உரிய மிகப் பெரிய தரைவாழ் விலங்கு எது என்று நான் கேட்பேன். பென்குயினும் சீலும் கடலை நம்பி வாழ்பவை, கணக்கில் சேரா. விடை: பெல்ஜிகா அந்தாட்டிக்கா என்ற இறக்கையில்லாத சிறு பூச்சி, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளராது. நம் நுளம்பின் தூரத்து உறவு. கடிக்காது.

கடலுக்குள் கதை வேறு. கூனி இறாலைப் போன்ற கிறில் கூட்டம் கூட்டமாக வாழ்கிறது. திமிங்கிலம், சீல், பென்குயின் எல்லாவற்றுக்கும் அதுதான் சோறு. அங்குள்ள சில மீன்களின் இரத்தத்தில் உறைவதைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. ஐஸ்மீன் என்ற இனத்துக்கு இரத்தத்தில் சிவப்பே இல்லை; குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் மிகுதியான ஒட்சிசனை வைத்தே சமாளித்துக்கொள்கிறது. வெடெல் கடலின் அடியில் அந்த இனத்தின் ஏறத்தாழ 6 கோடிக் கூடுகள் ஒரே பரப்பில் இருப்பதை 2021 இல் கண்டார்கள். இதைச் சம்மாட்டி ஒருவரிடம் சொன்னேன். "வலை போடவிடுவார்களா?" என்றார்.

இங்கே நம்மூர்ப் பிழை ஒன்றைத் திருத்த வேண்டும். கோணேசர் பாறையிலிருந்து பார்த்தாலே சில நாட்களில் நீலத் திமிங்கிலம் மூச்சுவிடுவது தெரியும். அவை அந்தாட்டிக்காவிலிருந்து வருகின்றன என்று படகோட்டிகளில் சிலர் சுற்றுலாக்காரரிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம் கடலில் உள்ளவை வட இந்து சமுத்திரத்தை விட்டுப் போகாத, அளவில் சற்றுச் சிறிய ஒரு கூட்டம். இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் பல ஆண்டுகளாக ஆராய்வது அவற்றைத்தான். அந்தாட்டிக்கின் நீலத் திமிங்கிலம் வேறு துணையினம். 20 ஆம் நூற்றாண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேல் வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புவரை போனது.

யாருக்குச் சொந்தம்?

காணி வழக்கில் பழகிய ஊர் என்பதால் இதை விளங்க வைப்பது எளிது. அர்ஜென்டீனா, அவுஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நோர்வே, பிரித்தானியா ஆகிய ஏழு நாடுகள் துண்டு துண்டாக உரிமை கோரியிருக்கின்றன. மூன்று நாடுகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரு துண்டுக்கு ஆளே இல்லை. நம் நெடுங்கோடு முட்டும் இடம் அவுஸ்திரேலியா கோரும் பகுதி. 1959 டிசெம்பர் 1 அன்று 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்தாட்டிக் உடன்படிக்கை இந்த உறுதிகளைக் கிழிக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, "முதலில் ஆராய்ச்சி செய்யுங்கள், படைத்தளம் கூடாது" என்றது. 1961 முதல் நடைமுறையில் இருக்கிறது.

1991 இல் கையெழுத்தாகி 1998 இல் நடைமுறைக்கு வந்த சுற்றாடல் வரைமுறை, கனிமம் தோண்டுவதைத் தடை செய்தது. 2048 இல் அது காலாவதியாகிவிடும் என்று காணொளிகள் சொல்கின்றன. காலாவதித் திகதி எதுவும் அதில் இல்லை. 2048 க்குப் பிறகு மீளாய்வு கேட்க வழி இருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரைமுறைப்படி நாய்களும் வெளியேற வேண்டியிருந்தது. சறுக்கு வண்டி இழுத்த கடைசி நாய்கள் 1994 இல் போய்விட்டன. 1911 டிசெம்பர் 14 அன்று நோர்வேக்காரர் அமுண்ட்சென் முதன்முதலாகத் தென்துருவத்தை அடைந்ததும், ஒரு மாதம் கழித்து வந்த பிரித்தானியர் ஸ்கொட்டை முந்தியதும் நாய்களின் காலால்தான் என்பதை நினைக்க எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

சொந்தக் குடிகள் அங்கே எப்போதும் இருந்ததில்லை. கோடையில் சில ஆயிரம் பேர், குளிர்காலத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர். எல்லோரும் வேலைக்கு வந்தவர்கள். 1978 இல் அர்ஜென்டீனாவின் எஸ்பெரான்சா நிலையத்தில் ஒரு குழந்தை பிறந்தது உண்மை. நேரம் எந்த நாட்டு நேரம் என்றால், நிலையத்துக்கு நிலையம் வேறு. தென்துருவ நிலையத்தில் நியூசிலாந்து நேரம், ஏனென்றால் விமானம் அந்தப் பக்கமிருந்து வருகிறது.

பனிச்சுவர் வதந்தி

"பூமி தட்டை, சுற்றி ஐஸ் சுவர், யாரையும் விடமாட்டார்கள்" என்று தொலைபேசியில் வந்ததை யாராவது காட்டுவார்கள். சண்டை பிடிக்க வேண்டாம். சுவர் ஒன்று இருப்பது உண்மைதான்: றொஸ் பனித்தட்டின் கடல்முகம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. 1841 இல் அதைக் கண்ட ஜேம்ஸ் றொஸ்ஸும் தடுப்பு என்றே பெயரிட்டார். இரண்டாம் படியைக் கடந்தவருக்கு அது என்னவென்று தெரியும்: நிலத்திலிருந்து நகர்ந்து வந்து மிதக்கும் ஐஸின் ஓரம். விடமாட்டார்கள் என்பதற்கு விடை, இப்போது ஒரே பருவத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் போய் வருகிறார்கள் என்பது.

என்னை வியக்க வைத்தது ஐஸுக்குள் இருப்பது. எங்கள் அச்சில் ஐஸ் வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று ஒதுங்கி ஒதுங்கி நடுவில் அகப்பட்டு வெள்ளை நரம்பாக நிற்கும். வெள்ளை நரம்பு உள்ள கட்டி மட்டம் என்று வாங்குபவர்கள் முணுமுணுப்பார்கள். அந்தாட்டிக்காவில் பனி நசுங்கி இறுகும்போது வெளிக் காற்றே குமிழியாக அகப்படுகிறது. டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகத் துளைத்து எடுத்த ஐஸ் தண்டில் 8 இலட்சம் ஆண்டு பழைய காற்று இருந்தது. அதே பகுதியில் பின்னர் துளைத்த தண்டு 12 இலட்சம் ஆண்டுவரை போகிறது என்று 2025 இல் அறிவித்தார்கள். அந்த 8 இலட்சம் ஆண்டில் காற்றின் பத்து இலட்சம் பங்கில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று 420 க்கு மேல். நாங்கள் குறை சொன்ன வெள்ளைக் குமிழிக்குள் அகப்பட்ட காற்றை அளந்துதான் இதைக் கண்டிருக்கிறார்கள்.

கடைசிப் படி: போக முடியுமா?

முடியும், பணம் வேண்டும். பெரும்பாலானவர்கள் அர்ஜென்டீனாவின் தென்கோடித் துறைமுகமான உசுவாயாவிலிருந்து நவம்பர் முதல் மார்ச் வரை கப்பலில் போகிறார்கள். அந்தாட்டிக்காவுக்கென்று விசா இல்லை. போகும் வழியிலுள்ள நாடுகளுக்கு வேண்டும். செலவு பல ஆயிரம் அமெரிக்க டொலர். கடைசி நேரத்தில் மிஞ்சிய கட்டில்கள் சற்று மலிவாகக் கிடைக்கும் என்றாலும், அதற்காக உசுவாயாவில் போய்க் காத்திருக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

தென்னமெரிக்காவுக்கும் அந்தாட்டிக்காவுக்கும் இடையிலுள்ள டிறேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாட்கள். அங்கே கடல் அவ்வளவு கொந்தளிக்கக் காரணம், அந்த அகலக்கோட்டில் காற்றையும் அலையையும் தடுக்க உலகைச் சுற்றி ஒரு நிலமும் இல்லாததுதான். ஆழ்கடலுக்குப் போய்ப் பழகிய நம்மவர்களும் வாந்தி மாத்திரை கொண்டுபோவது நல்லது.

500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் கரையிறக்க முடியாது. அதனால் பதிவு செய்யும் முன் பயணிகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் கரையில் நிற்கவும் கூடாது. பென்குயினுக்கு 5 மீட்டர் விலகி நிற்க வேண்டும்; அது தானாக உங்களிடம் வந்தால் குற்றமில்லை, அசையாமல் நில்லுங்கள். கல், எலும்பு, இறகு எதையும் எடுக்கக்கூடாது. டிசெப்ஷன் தீவில் கரைமணலைக் கிளறினால் கதகதப்பான நீர் ஊறும். கன்னியா வெந்நீர்க் கிணற்றை நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அது கடலுக்குள் பாதி அமிழ்ந்த உயிருள்ள எரிமலையின் வாய், 1969 இலும் வெடித்தது.

கரையிறங்கும் முன் கப்பலில் ஒரு சோதனை நடக்கும். சப்பாத்தின் அடி, பையின் மூலைகள், வெல்க்ரோப் பட்டி எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியால் உறிஞ்சி, ஊசியால் கிண்டி எடுப்பார்கள். கண்டம் முழுவதற்கும் சொந்தமான பூக்கும் தாவரம் இரண்டே இரண்டு. மனிதரோடு வந்த ஒரு புல் ஏற்கெனவே அங்கே வேர்விட்டுவிட்டது. ஆகவே வீட்டிலேயே தொடங்குங்கள். உப்புவெளிப் பற்றைக்குள் நடந்து வந்த காற்சட்டையானால், அதில் ஒட்டிய நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.